பதில்: வார்னிஷ் அடிச்சதும் போட்டோ கலைஞ்சிடுச்சு
ப்ரோ, மரப்பலகையில போட்டோவை பதிச்சு மேல வார்னிஷ் அடிச்சதும் கலைஞ்சிடுச்சுன்னு கேட்டிருந்தீங்க. ஸ்டிக்கர் ஷீட்டோட வழவழப்பான பின்தாள்ல பிரிண்ட் எடுத்து ஈரத்தோட மரத்துல ஒத்தினது வரைக்கும் சரிதான், தண்ணி கலந்த வார்னிஷை பிரஷ்ல தேய்ச்சீங்க பாருங்க, அங்கதான் போச்சு, ஏன்னா நிறைய இங்க்ஜெட் பிரிண்டர்ல வர்றது டை இங்க் (சாய மை), தண்ணி பட்டா கரையும். அடுத்த தடவை ஒரு நாள் காயவிட்டு ஸ்ப்ரே லேக்கரை (கேன்ல வர்ற பளபளப்பு பூச்சு) ஒரு அடி தள்ளி நின்னு லேசா மூணு நாலு கோட் அடிங்க, மொத கோட்டே நனையற மாதிரி அடிச்சா அதுவும் இங்க்கை இழுத்துட்டுப் போயிடும் (பட்ட அனுபவம்). மரம் வெளுப்பா இருக்கணும், தேக்குல முகமெல்லாம் கருத்துடும். பிரிண்டை ஒத்துறதுக்கு முன்னாடியே மரத்தை 220 நம்பர் உப்புத்தாள் போட்டு தேய்ச்சுக்கோங்க. எழுத்து இருந்தா மிரர் பண்ணிட்டு (இடவலமா திருப்பிட்டு) பிரிண்ட் குடுங்க, நான் அதை மறந்ததால எங்க அக்கா கல்யாணத் தேதிய இன்னிக்கும் கண்ணாடியில பாத்தாதான் படிக்க முடியும்.