முதல் புஷ்கிராஃப்ட் கத்தி: ஏழு அங்குலம் வேண்டாம், நாலு போதும்

பொள்ளாச்சி பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 27, கோவையில் கணினி வேலை, சனி ஞாயிறு என்றால் மாமாவின் தென்னந்தோப்பு. வீடியோ பார்த்துப் பார்த்து, காட்டில் கிடைப்பதை வைத்தே சமாளிக்கிற புஷ்கிராஃப்ட் கலையில் ஆசை பிடித்துக்கொண்டது. குச்சி சீவ வேண்டும், தீப்பெட்டி இல்லாமல் தீ மூட்ட வேண்டும், தார்ப்பாய் கட்டி ஒரு ராத்திரி தங்க வேண்டும். கையில் 2,500 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார். இணையக் கடையில் ஒன்றைப் பார்த்தும் வைத்துவிட்டார்: கறுப்புப் பூச்சு, 7 அங்குல அலகு, 5 மில்லிமீட்டர் கனம், முதுகில் ரம்பப் பல். "இதை வாங்கலாமா அண்ணா, இல்லை மடக்குக் கத்தியே போதுமா? ஃபுல் டாங், அதாவது அலகின் இரும்பு பிடி முழுக்கப் போவது, இல்லாவிட்டால் உடைந்துவிடும் என்கிறார்களே? கார்பன் ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ்ஸா?"

தம்பி, அந்தக் கறுப்புக் கத்தியை வாங்காதீர்கள். அதைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. என் முதல் கத்தியின் பிடி உள்ளே வெறும் குழல், மூடியைத் திருகினால் தூண்டில் முள்ளும் தீக்குச்சியும் கொட்டும், மூடியிலேயே ஒரு திசைகாட்டி. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு போய்க் கொய்யாக் கட்டை ஒன்றைப் பிளக்கப் பார்த்தேன். நாலாவது தட்டில் அலகு கட்டையிலேயே நின்றுகொண்டது, பிடி மட்டும் என் கையோடு வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு திருகுத் தண்டு, அதில் ஒரு நட்டு. அவ்வளவு பெரிய கத்தியின் உயிர் அந்த ஒரு நட்டில் இருந்திருக்கிறது.

சரி, கனம் ஏன் வேண்டாம் என்கிறேன்? புஷ்கிராஃப்டில் கத்தியின் வேலை பெரும்பாலும் சீவுவதுதான், வெட்டுவது இல்லை. கூடார முளைக்கு முனை சீவுவது, கயிறு நிற்கக் காடி வெட்டுவது, தீ பிடிக்க மெல்லிய சுருள் எடுப்பது, கரண்டி செதுக்குவது, நடுவில் வெங்காயம் நறுக்குவது. கட்டைவிரல் கனத்துக்கு ஒரு பூவரசுக் குச்சியை எடுத்து இரண்டரை மில்லிமீட்டர் கனமுள்ள கத்தியால் சீவிப் பாருங்கள், குச்சியின் தலையிலேயே ஒட்டிக்கொண்டு பூ மாதிரி சுருள் சுருளாக வரும். அதே குச்சியில் 5 மில்லிமீட்டர் கத்தியை வைத்தால், அது ஆப்பு மாதிரி மரத்தைத் தள்ளிப் பிளக்கப் பார்க்குமே தவிர சீவாது. சுருள் வருகிற இடத்தில் சில்லு தெறிக்கும். நீங்கள் இன்னும் அழுத்துவீர்கள், அழுத்தும்போதுதான் கத்தி வழுக்கும், வழுக்கினால் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

முதுகில் இருக்கும் ரம்பப் பல் வெறும் அலங்காரம். நிஜ ரம்பத்தில் பற்கள் இடமும் வலமும் கொஞ்சம் சாய்ந்திருக்கும், அதனால்தான் அறுத்த வழி அகலமாகி அலகு சிக்காமல் ஓடுகிறது. இதில் அந்தச் சாய்வு இல்லை, விரல் ஆழம் போனதும் இறுகிக்கொள்ளும். போதாததற்கு, முதுகில் கட்டைவிரலை வைத்து அழுத்துவது சீவுவதில் தினமும் செய்கிற காரியம், பல் இருந்தால் அதுவும் முடியாது.

அப்போது கட்டை வெட்ட என்ன செய்வது? மாமாவின் தோப்பில் அரிவாள் இல்லாமலா இருக்கும்! லாரியின் வில்பட்டை இரும்பில் அடித்த நல்ல அரிவாள் ஒன்று, எந்த இறக்குமதிக் கத்தியையும்விட வேகமாகக் கிளை தறிக்கும். மேற்கத்திய வீடியோக்களில் ஒரே கத்தியை வைத்துக்கொண்டு எல்லாம் செய்து காட்டுகிறார்கள் என்றால், அங்கேயும் விவரம் தெரிந்தவர்கள் பையில் கைக்கோடரியும் மடக்கு ரம்பமும் இருக்கும். நம் ஊரில் கோடரியின் இடத்தில் அரிவாள், அவ்வளவுதான். மட்டை வெட்டுவதும் விறகு தறிப்பதும் அதன் வேலை, கத்தி சின்னதாகவே இருக்கட்டும்.

என் அளவு இதுதான். மடக்காத கத்தி, அலகு 9 முதல் 11 சென்டிமீட்டர், கனம் இரண்டிலிருந்து மூன்று மில்லிமீட்டர், பிடி உங்கள் நாலு விரலும் நெருக்கடியில்லாமல் உட்காருகிற மாதிரி, கொஞ்சம் சொரசொரப்பாக, ஈரக் கையிலும் வழுக்காததாக. இந்த அளவில் புதியவர்களுக்கு உலகம் முழுக்கக் கைகாட்டுவது சுவீடன் நாட்டு மோராவைத்தான். டாலர்னா வட்டாரத்தில் மோரா என்று ஒரு ஊர், அதை ஒட்டிய ஓஸ்ட்னோர் கிராமத்தில் 1891இல் தொடங்கிய பட்டறைதான் இன்றைக்கு மோராக்னிவ் என்ற நிறுவனமாக நிற்கிறது. அவர்களுடைய 'கம்பேனியன்' என்ற மாடலின் அலகு சுமார் 10.4 சென்டிமீட்டர், ஸ்டெயின்லெஸ் வகையின் கனம் 2.5 மில்லிமீட்டர், உறையோடு சேர்த்தே சுமார் 120 கிராம். அங்கே தச்சரும் மீனவரும் பெயின்ட்டரும் டப்பாவில் போட்டுவைத்து உழைக்கிற சாதாரணக் கத்திதான் இது, அழகுக்கு வைக்கிற பொருள் இல்லை. பிளாஸ்டிக் உறையைப் பார்த்தால் ஐந்து ரூபாய் சோப்பு டப்பா ஞாபகம் வரும், கண்டுகொள்ளாதீர்கள். இறக்குமதிச் சரக்கு என்பதால் விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். உங்கள் பட்ஜெட்டைத் தாண்டினால் கொஞ்ச நாள் பொறுத்திருங்கள், இல்லாவிட்டால் மேலே சொன்ன அளவை வைத்துக்கொண்டு வேறு கத்தி தேடுங்கள். பெயரைவிட அளவு முக்கியம்.

மோராவைச் சொல்ல எனக்கு இன்னொரு காரணம் உண்டு, அதுதான் பெரிய காரணம். அதன் கூர் ஸ்காண்டி வகை. அலகின் இரண்டு பக்கமும் பாதிக்குக் கீழே ஒரே சரிவாகத் தட்டையாக இறங்கிக் கூரில் முடியும். சாணைக்கல்லில் தீட்டும்போது எத்தனை டிகிரி பிடிக்க வேண்டும் என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், அந்தச் சரிவைக் கல்லில் படிய வைத்தால் கோணம் தானாக அமைந்துவிடும். முதல்முறை தீட்டும்போது சரிவு முழுக்க மார்க்கர் பேனாவால் மை பூசிக்கொள்ளுங்கள். நாலு இழுப்பு இழுத்துவிட்டுத் திருப்பிப் பாருங்கள். மை முழுக்கப் போயிருந்தால் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். கூர் ஓரத்தில் மட்டும் போயிருந்தால் முதுகைத் தூக்கிவிட்டீர்கள், மேலே மட்டும் போயிருந்தால் கூர் கல்லைத் தொடவே இல்லை. ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்கக் கூர் ஓரத்தில் விரல் நுனிக்கு மெல்லிய பிசிறு தட்டும், குறுக்கே தடவித்தான் பார்க்க வேண்டும், நீளவாக்கில் இல்லை. அது முனை வரை வந்ததும் அடுத்த பக்கம். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்பக்கமாக இருபது இழுப்பு. கூர் வந்ததா என்று பார்க்க விளக்கடியில் கூர் ஓரத்தை நேராக உங்களை நோக்கிப் பிடியுங்கள், எங்காவது வெள்ளைக் கீற்று மின்னினால் அந்த இடம் இன்னும் மழுங்கல்.

ஆகவே 2,500 ரூபாயையும் கத்தியிலேயே கொட்டாதீர்கள், கல்லுக்கு ஒரு பங்கு எடுத்து வையுங்கள். சொரசொரப்பைக் காட்டும் எண் ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 என்று உள்ள கல் போதும். இன்னொன்று, தெருவில் வருகிற சாணைக்காரரிடம் இந்தக் கத்தியைக் கொடுத்துவிடாதீர்கள். அவர் தொழிலில் குறை சொல்லவில்லை, அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் அவர்தான் சரி. ஆனால் சுழல்கிற சக்கரத்தில் இவ்வளவு மெல்லிய கூர் நொடியில் சூடேறிவிடும். ஓரத்தில் நீலம் பாய்ந்துவிட்டால் அங்கே இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம், பிறகு எவ்வளவு தீட்டினாலும் நாலு குச்சிக்கு மேல் கூர் நிற்காது. தட்டையான சரிவும் உருண்டுபோகும்.

ஃபுல் டாங் கேள்விக்கு வருகிறேன். அலகின் இரும்பு பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் விஷயம். பிடியின் முழு நீளத்துக்கும் அகலத்துக்கும் போனால் அது ஃபுல் டாங், உறுதிதான், சந்தேகமில்லை. கம்பேனியனில் கடைசி வரை போகாது. அதற்காக உடைந்துவிடுமா என்றால், கத்தியை மரத்தில் வைத்து முதுகில் கட்டையால் அடித்துப் பிளக்கிற வேலையைப் பொறுத்தது. மணிக்கட்டு கனம், நேரான நார், கணு இல்லாத காய்ந்த துண்டு என்றால் கம்பேனியன் தாங்கும். கணுவுள்ள சீமைக்கருவேலத்தை வைத்துக்கொண்டு சுத்தியலால் அடித்தால் எதுவும் தாங்காது. அரிவாள் கையில் இருக்கிற உங்களுக்கு இந்த வேலையே எப்போதாவதுதான் வரும். மனசு கேட்கவில்லையென்றால் அதே கம்பேனியனில் 'ஹெவி டியூட்டி' என்று 3.2 மில்லிமீட்டர் கனத்தில் ஒன்று இருக்கிறது, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கார்பனா ஸ்டெயின்லெஸ்ஸா என்று கேட்டால், உங்களுக்கு ஸ்டெயின்லெஸ். கார்பன் எளிதாகத் தீட்டுப்படும், நல்ல கூர் ஏறும், எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் அது கவனிப்பு கேட்கிற பொருள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவமழை உங்கள் பக்கம் எட்டிப் பார்க்கிற ஜூன், ஜூலையில் எலுமிச்சை நறுக்கிய கத்தியைத் துடைக்காமல் ஒரு ராத்திரி வைத்தால் காலையில் செம்புள்ளி நிற்கும். வாரம் ஒருமுறை தோப்புக்குப் போகிறவர் மற்ற ஐந்து நாளும் கத்தியை மறந்துதான் இருப்பீர்கள். யாராவது கார்பன் கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், வேலை முடிந்ததும் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, தோல் உறையாக இருந்தால் வெளியே எடுத்து வையுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மடக்குக் கத்தியில் மலிவும் நல்லதும் பிரான்ஸின் ஓப்பினல் 8ஆம் எண், 8.5 சென்டிமீட்டர் அலகு, திறந்தபின் வளையத்தைத் திருகிப் பூட்டலாம். பழம் நறுக்க, சமைக்க அருமை. ஆனால் மழைக்காலத்தில் மரப்பிடி ஊறிப்போய் அலகு திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும், முனையை வைத்து நெம்பினால் மூட்டு ஆடிப்போகும். இரண்டாவது கத்தியாக வாங்கலாம்.

தீ மூட்டுவதைக் கேட்டிருந்தீர்கள். ஃபெர்ரோ ராடு எனப்படும் கம்பியை உரசினால் வருகிற பொறி கம்பியிலிருந்து வருவது, கத்தியிலிருந்து இல்லை, ஆகவே ஸ்டெயின்லெஸ் ஆனாலும் ஒன்றுதான். தேவைப்படுவது, கத்தி முதுகில் நறுக்கென்று ஒரு விளிம்பு. கம்பேனியனின் முதுகு மழுங்கலாக வரும். பிடியிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் தட்டை அரத்தால் சதுரமாகத் தேய்த்துக்கொண்டால் பொறி கொட்டும். பிடிக்கவைக்க எதையும் வாங்க வேண்டாம், தென்னை மரத்தடியில் காய்ந்து கிடக்கிற பன்னாடையைப் பிய்த்துப் பஞ்சு மாதிரி கசக்கி வையுங்கள், அப்புறம் நீங்கள் சீவிய சுருள்.

ஆனால் இதையெல்லாம் தோப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆனைமலைக் காட்டுக்குள் இருக்கிற டாப்சிலிப் பக்கம் போகும்போது கத்தி வீட்டில் இருக்கட்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'ஆயுதம்' என்று எதைச் சொல்கிறது என்று பார்த்தால் அதில் கத்தியும் இருக்கிறது, எழுத்து அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. காட்டில் தீ மூட்டுவதைப் பற்றி, 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ கொண்டுபோனதற்குப் பிறகு, யாரும் விளக்க வேண்டியதில்லை. மற்றபடி ஆயுத விதிகளில் வருவது அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ளவை, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. நாலு அங்குலக் கத்தி அந்தக் கணக்கில் வராது. அதற்காக இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு பஸ் ஏறாதீர்கள், பைக்குள் அடியில் போட்டு எடுத்துப் போங்கள்.

முதல் வாரம் கூடார முளை மட்டும் சீவுங்கள், அதற்கு மலைவேம்புக் கிளை நல்லது, பச்சையாக இருக்கும்போது வெண்ணெய் மாதிரி வரும். முருங்கை சீவ வராது, கொழகொழவென்று பிய்யும். மூங்கில் கத்தியின் கூரைத் தின்றுவிடும், அதன் பிளந்த ஓரமே கையை அறுக்கும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உட்கார்ந்து, முழங்கைகளை முழங்கால்மேல் ஊன்றி, குச்சியையும் கத்தியையும் கால்களைத் தாண்டி முன்னால் நீட்டி வைத்துச் சீவுங்கள். மடியில் வைத்துச் சீவக் கூடாது, தொடையின் உள்பக்கம் ஓடுகிற இரத்தக் குழாயில் பட்டால் ஆஸ்பத்திரி போய்ச் சேர நேரம் இருக்காது. கையை நீட்டினால் எட்டுகிற தூரத்துக்குள் ஒருவரும் இருக்க வேண்டாம், மாமா வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தால் கத்தி முதலில் உறைக்குள், அப்புறம்தான் பேச்சு. அந்த உறையையும் பார்சல் வந்த அன்றே கட்டில்மேல் தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறிப் பாருங்கள். கத்தி நழுவி விழுந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.