பாவு நூல் வளைந்து தெரிகிறது என்றால் முதலில் ஸ்கேன், பிறகுதான் சிவப்பு ஒளி

கேள்வி: நாங்கள் ஆந்திர எல்லையில் நகரியில் இருக்கிறோம். அப்பாவுக்கு 69 வயது. விசைத்தறிதான் தொழில், பீடிப் பழக்கம் உண்டு. இரண்டு கண்ணிலும் உலர் வகை மாக்குலா தேய்வு (விழித்திரையின் நடுப்பகுதி தேய்வது), நடுத்தர நிலை என்று போன வருடம் சொன்னார்கள். சிவப்பு ஒளி சிகிச்சைக்குப் பணம் கட்டச் சொல்கிறது ஒரு கிளினிக். ஆன்டி-ஆக்ஸிடென்ட் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் பலன் தருமா? கொஞ்ச நாளாக வலது கண்ணில் பாவு நூல் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) நடுவில் வளைந்து தெரிகிறது என்கிறார். கண்ணாடி மாற்றினால் போதுமா?

பதில்: கடைசியில் கேட்டதுதான் அம்மா, அவசரமான கேள்வி. கண்ணாடி மாற்றி இது சரியாகாது. வாழ்நாளெல்லாம் பாவு பார்த்த மனிதர் நேர்நூல் வளைகிறது என்று சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டும். விழித்திரையின் நடுப்பகுதிக்கு அடியில் புதிதாக ரத்தக்குழாய் முளைத்து, நீரோ ரத்தமோ கசியும்போது இப்படித் தெரியும். உலர் வகை ஈர வகையாக மாறுவது அதுதான். வாரக்கணக்கில் விட்டால் அங்கே தழும்பு விழுந்துவிடும். அந்த இடத்தில் போன பார்வை பிறகு திரும்பாது.

எனவே அடுத்த ஓரிரு நாளில், விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் எடுத்தாக வேண்டும். உங்கள் ஊரில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் திருப்பதி, மறுபக்கம் சென்னை. திருப்பதியில் அரவிந்த், சென்னையில் சங்கர நேத்ராலயா என்று விழித்திரை மருத்துவர்கள் உள்ள இடங்கள் இருக்கின்றன. சீட்டுப் போடும் இடத்திலேயே “நேர்க்கோடு திடீரென்று வளைந்து தெரிகிறது” என்று சொல்லிவிடுங்கள். கசிவு இருந்தால் பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்லிபர்செப்ட் போன்ற மருந்தில் ஒன்றைக் கண்ணுக்குள் ஊசியாகப் போடுவார்கள். சொட்டு விட்டு மரத்துப்போக வைத்துத்தான் குத்துவார்கள், சில நொடியில் முடிந்துவிடும். வழக்கமாக மாதம் ஒன்றாக மூன்று ஊசி, பிறகு ஸ்கேனைப் பார்த்து முடிவு செய்வார்கள். அப்பாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சிவப்பு ஒளி ஏமாற்று வேலை இல்லை. 590, 660, 850 நானோமீட்டர் ஒளியைக் கண்ணுக்குள் செலுத்தி, செல்லின் சக்தி உற்பத்தியைத் தூண்டும் முயற்சி அது. மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 நவம்பரில் ஒரு கருவிக்கு அனுமதி தந்தது. மூன்று முதல் ஐந்து வாரத்துக்குள் 9 அமர்வு, நான்கு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும். ஆனால் அது உலர் வகைக்கு மட்டும். அதன் முக்கிய ஆய்வில் 13 மாதத்தில் சிகிச்சை பெற்ற கண்கள் பார்வைப் பலகையில் சராசரியாக 5 எழுத்து கூடுதலாகப் படித்தன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் போலி ஒளி காட்டப்பட்ட கண்களும் 3 எழுத்து கூடுதலாகப் படித்தன. இந்த அளவு லாபத்துக்குக் கடன் வாங்கிக் கட்டாதீர்கள் என்பது என் கருத்து. கசிவு இல்லை என்று ஸ்கேன் சொல்லும்வரை ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். ஆன்லைனில் விற்கும் சிவப்பு டார்ச்சைக் கண்ணில் அடிக்கவே கூடாது.

மாத்திரைக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. 2001இல் வெளிவந்த ‘ஏரெட்ஸ்’ என்ற அமெரிக்க ஆய்வில், நடுத்தர நிலையைத் தொட்டவர்களில் மாத்திரை இல்லாமல் ஐந்து ஆண்டில் நோய் முற்றியவர்கள் 100க்கு 28 பேர். வைட்டமினும் துத்தநாகமும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 20 பேர். நோயின் வேகம் குறையும். போன பார்வை வராது. ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்குப் பயன் தெரியவில்லை. அப்பா நடுத்தர நிலை, ஆகவே சாப்பிடலாம்.

ஆனால் அட்டையைத் திருப்பி, பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டா கரோட்டின் என்று இருந்தால் வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புகை பிடிப்பவர்களுக்கும் முன்பு பிடித்து விட்டவர்களுக்கும் அது நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும். 2013இல் வந்த இரண்டாவது ஆய்வு அதற்குப் பதிலாக லூட்டீன் 10 மி.கி., சியாசாந்தின் 2 மி.கி. சேர்த்தது. அதோடு வைட்டமின் சி 500 மி.கி., வைட்டமின் ஈ 400 யூனிட், துத்தநாகம் 80 மி.கி., செம்பு 2 மி.கி. இருக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், வைட்டமின் ஈ பற்றி அதைக் கொடுத்த மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். முருங்கைக்கீரை, பாலக், முட்டை மஞ்சள் கரு தாராளமாகக் கொடுங்கள்.

பீடியை விட்டே ஆக வேண்டும். எந்த மாத்திரையும் அதை ஈடுகட்டாது.

இடது கண்ணுக்கும் காவல் தேவை. தினமும் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் நாள்காட்டிக் கட்டங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். படிக்கும் கண்ணாடி போட்டே பார்க்கட்டும். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். இந்த நோய் குடும்ப வழியிலும் வரும் என்பதால், 50 வயதை நெருங்கும்போது நீங்களும் உடன்பிறந்தவர்களும் சொட்டு விட்டு விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.