நனவை ஆராய்வது எந்தத் துறையின் வேலை?

சென்னையில் உளவியல் படிக்கும் நீங்கள், நனவை, அதாவது நாம் உணர்வோடு இருந்து அனுபவிப்பதை, ஆராய நரம்பியலுக்கு மாற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை.

2006-இல் மூளை ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் குழுவினர் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். விபத்துக்குப் பின் கண் திறந்திருந்தும் எதற்கும் பதில் தராத 23 வயதுப் பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். நலமாக இருப்பவர்களுக்கு இயங்கும் அதே மூளைப் பகுதி அவருக்கும் ஸ்கேனில் இயங்கியது! வீட்டு அறைகளில் நடப்பதாக நினைக்கச் சொன்னால் வேறு பகுதிகள். ஸ்கேன் நரம்பியலுடையது. ஆனால் வாய் பேசாதவரிடம் எதைக் கேட்பது என்று யோசித்தது உளவியல் மூளை. அதை நனவுக்குச் சான்றாக ஏற்கலாமா என்ற விவாதத்தில் தத்துவமும் வந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

நம்மூர் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்கள் சிலருக்கு, இல்லாத கையில் தெரியும் வலியை முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த ஒரு பெட்டியால் குறைத்துக் காட்டினார். செலவு சொற்பம், யோசனைதான் பெரிது.

மூளை இயக்கம் ஏன் அனுபவமாகிறது என்பதை 1995-இல் 'கடினமான சிக்கல்' என்றார் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ். அது இன்னும் தீரவில்லை. உளவியலிலேயே இருங்கள், அப்புறம் புள்ளியியலை மட்டும் நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள், ஸ்கேன் தரவைப் படிக்க அது கட்டாயம் வேண்டும்.