மதுரைக்குப் போகத்தான் வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்திருக்கிறது. சீனி வருத்தமும் உண்டு. முற்றிய பிறகு வெட்டலாம் என்கிறார்கள் அயலவர்கள். அண்ணாவோ என் காப்பை அடகு வைத்தாவது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கொண்டுபோவோம் என்கிறார். என்ன செய்யலாம்?
ஒரு வாசகி, கொக்கட்டிச்சோலை

பதில்: மகள், காப்பு உங்கள் கையிலேயே இருக்கட்டும். கண்புரையை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக் கண் பிரிவிலேயே எடுக்கிறார்கள்.

அரவிந்தைப் பற்றி அண்ணா சொல்வதில் பிழையில்லை. அக்காவுக்குத் துணையாக நானும் போயிருக்கிறேன். அரச வேலையில் ஓய்வுபெற்ற டொக்டர் ஜி. வெங்கடசாமி 1976 இல் 11 கட்டிலோடு தொடங்கிய இடம் அது. மூட்டுவாதத்தில் கோணிப்போன விரல்களால் சத்திரசிகிச்சை பழகிய மனிதர். இன்று தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி என்று பரந்திருக்கிறது. காசு கட்டுபவர்களின் பணத்தில் இல்லாதவர்களுக்கும் பார்க்கிறார்கள். இரு பக்கமும் டொக்டர்கள் அவர்களேதான். புரையை எடுத்தபின் கண்ணுக்குள் வைக்கும் இறக்குமதி வில்லை ஏழைக்கு எட்டாத விலையில் இருந்ததால் 1992 இல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கித் தாங்களே வில்லை செய்தார்கள்.

என் மனதில் நின்றது வேறு. ஆரம்பத்தில் ஊர் முகாம்களில் கண்ணைக் காட்டிய பலர், சிகிச்சை இலவசம் என்றாலும் வரவில்லையாம். பஸ் காசு இல்லை, சாப்பாட்டுக்கு வழியில்லை, கூட்டிப்போக ஆளில்லை. பிறகு பஸ்ஸும் சாப்பாடும் கொடுத்து அழைத்துப்போனார்கள்.

தாதியாக இருந்த காலத்தில் இதையே மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் கண்டேன். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை பாதை எனும் படகில் ஏறி வாவி கடந்து வர வேண்டும். மகன் வயலில், மகள் வெளிநாட்டில். அரிசியில் கல்லை விரலால் தடவிப் பொறுக்கிக்கொண்டு, முற்றட்டும் என்று இருந்த ஒரு ஆச்சி, கண் சிவந்து, தலை வெடிக்கும் வலியோடு வந்தார். புரை அளவுமீறி முற்றினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறலாம்; நரம்பு கெட்டால் பார்வை திரும்பாது. அந்தக் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. முற்றட்டும் என்பது பழைய காலத்துப் பேச்சு, தயவுசெய்து கேட்காதீர்கள்.

கிட்டிய வைத்தியசாலையில் காட்டிக் கண் கிளினிக்குக்குத் துண்டு வாங்குங்கள். சீனிக் கொப்பியையும் குடிக்கும் குளிசைகளையும் கொண்டுபோங்கள். சீனி கட்டுக்குள் இருந்தால்தான் நாள் தருவார்கள். சீனியால் விழித்திரை பழுதாகியிருக்கிறதா என்றும் கேளுங்கள். அது இருந்தால் புரையை எடுத்தாலும் பார்வை முழுதாகத் தெளியாமல் போகலாம். முன்கூட்டியே தெரிந்திருப்பது அம்மாவுக்கு நல்லது. ஊசியாலோ சொட்டு மருந்தாலோ கண்ணை மட்டும் விறைக்கவைத்து ஒரு கண்ணில் முதலில் செய்வார்கள். பெரும்பாலும் அரைமணி நேரம்கூட ஆகாது.

அண்ணா மதுரைக்கென்று ஒதுக்கிய நாட்களை இதற்குத் தரட்டும். வீடு வந்ததும் சில வாரங்களுக்குச் சொட்டு மருந்து விட ஒருவர் வேண்டும். அவரே விடலாம், ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டு.