மேரியன் தீவில் சித்திரை ஒன்று

அன்புள்ள ஐயா,

என் தம்பி மேரியன் தீவில் (தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கும் தென்னாப்பிரிக்கத் தீவு, ஆராய்ச்சித் தளம் மட்டும்தான் அங்கே) வானிலைப் பிரிவில் வேலை செய்கிறான். போன மே மாதத்திலிருந்து அங்கே இருக்கிறான், வருகிற மே மாதம்தான் திரும்புவான். ஜனவரி 1 பிறந்த இரவு எல்லோரும் இறைச்சி சுட்டு, பாட்டுப் போட்டு ஆடினார்களாம். மறுநாள் பேசும்போது, "நன்றாகத்தான் இருந்தது அக்கா, ஆனால் வருஷம் பிறந்த மாதிரியே இல்லை" என்றான். சித்திரை ஒன்றையாவது கொண்டாட ஆசைப்படுகிறான். அம்மாவோ, "மாங்காய், வேப்பம்பூ இல்லாமல் என்ன வருஷப் பிறப்பு? அடுத்த வருஷம் சேர்த்துச் செய்துகொள்ளட்டும், இல்லையென்றால் எல்லாவற்றையும் கப்பலில் அனுப்பு" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கோகிலா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அன்புள்ள கோகிலா,

தம்பி சொன்னது சரிதான். ஜனவரி 1 அன்று அந்தத் தளத்தில் எதுவும் மாறுவதில்லை. மே மாதம் வந்திறங்கிய அதே இருபது சொச்சம் முகங்கள்தான். பெரிய ஆல்பட்ராஸ் கடற்பறவைகள் அப்போதுதான் முட்டையிட்டு அடைகாக்கும்; கூடுகளை எண்ணுகிறவர்களுக்கு அன்றைக்கும் லீவு கிடையாது, வானிலைக் கணக்கு எடுக்கிற உங்கள் தம்பிக்கும் கிடையாது. அங்கே வருஷம் திரும்புவது, சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கேப் டவுனிலிருந்து எஸ்.ஏ. அகுலாஸ் 2 கப்பல் போய்ச் சேரும்போதுதான். ஏப்ரல், மே வாக்கில் புது அணி இறங்கும். பழைய அணி வேலையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அதே கப்பலில் ஊர் திரும்பும். சித்திரை பிறப்பதும் ஏப்ரலில்தான். ஆக, தம்பி கொண்டாடக்கூடிய புத்தாண்டுகளில் அந்தத் தீவின் வருஷத்தோடு ஒட்டி வருவது நம்முடையதுதான். அதைப் போய் ஒத்திப்போடுவானேன்?

(ஜனவரி 1-க்கும் அந்த இடத்தோடு ஒரு சொந்தம் உண்டு. தென்னாப்பிரிக்கா அந்தத் தீவுகளை எடுத்துக்கொண்டதே ஒரு புத்தாண்டை நடுவில் வைத்துத்தான். 1947 டிசம்பர் 29-இல் மேரியன், 1948 ஜனவரி 4-இல் பக்கத்திலிருக்கும் பிரின்ஸ் எட்வர்ட்.)

இனி அம்மாவின் கேள்வி. சூரியன் மேஷத்தில் நுழைவதுதான் சித்திரைப் பிறப்பு. அந்த நேரம் மதுரைக்கும் மேரியனுக்கும் ஒன்றுதான். மாங்காயும் வேப்பம்பூவும் அந்தச் சமயத்தில் தமிழ்நாட்டு மரங்களில் இருப்பதால் பச்சடிக்குள் வந்தவை. நமக்கு இங்கே தென்னாப்பிரிக்காவில் ஏப்ரல் என்றால் இலையுதிர்காலம். மாங்காய் கோடையிலேயே வந்து போய்விடுகிறது. 1860-இல் ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக டர்பனில் வந்திறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கிடைத்ததை வைத்துத்தானே இத்தனை தலைமுறையாகச் சித்திரையைக் கொண்டாடிவருகிறார்கள்? வேப்பிலைக்குப் பதிலாக, வேம்பு மாதிரியே இருக்கும் சிரிங்கா மரத்தின் இலையை அம்மனுக்குச் சாற்றும் வீடுகளை உங்கள் அம்மாவே பார்த்திருப்பார்.

பார்சல் வேண்டாம். அது போகிற கப்பலில்தான் தம்பி திரும்பி வருவார், பதினாலாம் தேதிக்குள் போய்ச் சேரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அதைவிட முக்கியம், அந்தத் தீவு 1995 முதல் சிறப்பு இயற்கைக் காப்பகம். போகிறவர்களின் பை, பூட்ஸ், வெல்க்ரோ பட்டை வரைக்கும் விதை ஒட்டியிருக்கிறதா என்று துழாவிப் பார்க்கிறார்கள். மாவிலையும் வேப்பம்பூவும் அங்கே போகக் கூடாது, போகாமலிருப்பதே நல்லது.

பச்சடிக்குத் தளத்தின் ஸ்டோரிலேயே வழி இருக்கும். உலர்ந்த ஏப்ரிகாட் இருந்தால் வெந்நீரில் ஊறவைத்து வேகவைக்கச் சொல்லுங்கள். குழைந்ததும் மாங்காய் மாதிரியே நாரும் புளிப்புமாக வரும். வெல்லத்துக்குப் பழுப்புச் சர்க்கரை, அப்புறம் உப்பு, மிளகாய்த்தூள். கசப்புக்கு வெந்தயத்தூளைக் கொஞ்சம் தீயவிட்டே தாளித்துப் போடலாம். அதுவும் இல்லையென்றால் சர்க்கரை போடாத கோகோ ஒரு சிட்டிகை. அம்மாவிடம் இதைச் சொல்லாதீர்கள்.

கோலத்தில் மட்டும் கவனம். நம்மூரில் அரிசி மாவுக் கோலம் எறும்புக்கு உணவு என்று பெருமையாகச் சொல்வோம். மேரியனில் அதைத் தின்ன வருவது சுண்டெலி. சீல் வேட்டைக்காரர்களின் கப்பலில் வந்து இறங்கிய எலிகள் அவை. அவற்றைப் பிடிக்க 1949 வாக்கில் ஐந்து பூனைகளைக் கொண்டுபோனார்கள். அவை பெருகி ஆயிரக்கணக்கில் ஆகி, எலியைவிடக் கடற்பறவைகளையே அதிகம் தின்றன. 1991-க்குள் பூனைகளை ஒழித்துக்கட்டினார்கள். எலிகள் மிஞ்சின, இப்போது ஆல்பட்ராஸ் குஞ்சுகளை உயிரோடு கடிக்கின்றன. தீவு முழுக்க ஹெலிகாப்டரில் மருந்து தூவி அவற்றை ஒழிக்கத் திட்டம் நடக்கிறது. இந்த லட்சணத்தில் வாசலில் மாவு தூவுவது பாவம். வருஷத்தில் முந்நூறு நாளுக்கு மேல் மழையோ பனியோ பெய்கிற இடம் வேறு, காற்று கோலத்தைப் புள்ளி வைக்கவும் விடாது. காகிதத்தில் போட்டுச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டட்டும்.

தனியாக ஒரு மூலையில் விளக்கேற்றிவிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லுங்கள். முறை மாற்றிக்கொண்டு அன்றைய சமையலைத் தம்பியே எடுத்துக்கொள்ளட்டும். வேட்டி கட்டி நின்று நம் பண்பாட்டைப் பற்றி அரைமணி நேரம் பேச வேண்டியதில்லை. சாம்பாரும் பச்சடியும் போதும்.

சாப்பாடு முடிந்ததும் பஞ்சாங்கம் வாசிக்கலாம். கோயில்களில் அன்று மாலை ஐயர் உட்கார்ந்து, இந்த வருஷம் மழை எத்தனை மரக்கால் என்று படிப்பாரே, அதேதான். தம்பி கையில் ஒரு வருஷ மழைக் கணக்கு முழுசாக இருக்கிறது. எந்த மாதம் எத்தனை மில்லிமீட்டர், எந்த நாள் காற்று அதிகம், யார் வெளியே போய் மாட்டிக்கொண்டார்கள் என்று படிக்கச் சொல்லுங்கள். ஐயர் சொல்வதை நாம் சரிபார்க்க முடியாது. இங்கே கேட்கிறவர்கள் அத்தனை பேரும் அந்த மழையில் நனைந்தவர்கள், ஒரு மில்லிமீட்டர் கூட்டிச் சொன்னாலும் பிடித்துவிடுவார்கள்.