ஆதாரம்: கூகுள் டாட் காம்

அன்புள்ள சார்,

தாம்பரம் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில், தமிழ்த் துறையில் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். மூன்றாம் ஆண்டு மாணவர்களின் புராஜெக்ட் என் பொறுப்பு. ஒவ்வொரு வருஷமும் அடிக்குறிப்பு, துணைநூற்பட்டியல் என்று மூன்று வகுப்பு எடுக்கிறேன். காற்புள்ளி எங்கே, முற்றுப்புள்ளி எங்கே, எது சாய்வெழுத்தில் வர வேண்டும், எல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன். கடைசியில் ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொண்டுவரும்போது பார்த்தால் 'ஆதாரம்: கூகுள் டாட் காம்' என்று இருக்கிறது.

குறைந்தது 15 நூல்கள் காட்ட வேண்டும் என்பது எங்கள் துறை விதி. இந்த முறை ஒரு பையன் கணக்காக 15 கொடுத்தான். அதில் ஒன்று, உ.வே.சா. 1951இல் ஒரு பத்திரிகையில் எழுதியதாக ஒரு கட்டுரை. அவர் 1942இலேயே காலமாகிவிட்டாரே என்றேன். "ஏஐ கொடுத்துச்சு மேம், தப்பா?" என்றான். திட்டக்கூட வரவில்லை. நூலகத்துக்கு அழைத்துப் போனேன், செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது, சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள பேராசிரியைக்கு,

அந்தப் பையன் கொஞ்சம் விவரமானவனாக இருந்திருந்தால் உங்களை மடக்கியிருப்பான். உ.வே.சா.வின் தன்வரலாறான 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் 1940 முதல் 1942 வரை தொடராக வந்தது. நூலாக வந்தது 1950இல், உ.வே.சா. மறைந்து எட்டு வருஷம் கழித்து. ஆகவே 1951 என்ற ஆண்டை மட்டும் வைத்து அந்தக் கட்டுரை பொய் என்று சொல்லிவிட முடியாது. இதைச் சொல்லி அவன் வாதாடியிருந்தால் நான் முழு மார்க் போட்டிருப்பேன். அவனுக்கு அது தோன்றாததற்குக் காரணம், அந்தக் கட்டுரையை அவன் தேடவே இல்லை. பட்டியலில் 15 வரி வேண்டும், 15 வரி வந்துவிட்டது.

கோபித்துக்கொள்ளாதீர்கள், குற்றத்தில் பாதி அந்த விதியுடையது. ஒரே செமஸ்டரில், மற்ற பேப்பர்களுக்கு நடுவே, இருபது வயதுப் பிள்ளை 15 நூல்களைப் படித்துவிட முடியும் என்று நீங்களும் நம்பவில்லை, துறைத் தலைவரும் நம்பமாட்டார். படிக்காமல் காட்டச் சொன்னால் எங்கிருந்தாவது எடுத்துத்தான் காட்டுவார்கள். ஏஐ வருவதற்கு முன் சீனியரின் பழைய புராஜெக்ட் இருந்தது, ஜெராக்ஸ் கடை இருந்தது. நானும் யோக்கியன் இல்லை. பல வருஷம் முன்பு ஒரு கட்டுரையில், இன்னொருவரின் அடிக்குறிப்பை அப்படியே எடுத்து, மூல நூலை நானே பார்த்தது போலப் பக்க எண்ணோடு போட்டேன். கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் அஞ்சலட்டை எழுதினார்: "தாங்கள் குறிப்பிட்ட பக்கத்தில் படம் மட்டுமே உள்ளது." அதற்குப் பதில் எழுதும் தைரியம் எனக்கு வரவில்லை.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? காற்புள்ளியிலிருந்து வேண்டாம். ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து ஆரம்பியுங்கள். சென்னையில் ஒரு கல்லூரியில் நான் இரண்டு நாள் பட்டறை நடத்தியபோது செய்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டு பேர். பலகையில் எழுதினேன்: 'சென்னை 1639ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று பிறந்தது.' இது நமக்கு எப்படித் தெரியும்? சொன்னவர் யார், அவருக்கு யார் சொன்னார்கள்? ஒவ்வொரு பதிலும் அதற்கு முந்தைய ஆளிடம் கொண்டுபோய்விட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

ஐந்து நிமிஷத்தில் பன்னிரண்டு பேரும் செல்போனை நீட்டினார்கள். எல்லாம் மெட்ராஸ் டே சமயத்தில் வந்த பத்திரிகைக் கட்டுரைகள், ஒன்றிலும் ஆதாரம் இல்லை. விக்கிப்பீடியாவைப் பார்க்கலாமா என்று ஒருவன் பயந்தபடி கேட்டான். தாராளமாகப் பார், ஆனால் கீழேயிருந்து மேலே படி என்றேன். கட்டுரையை விட்டுவிட்டு அடிக்குறிப்புகளில் இறங்கினால் ஹென்றி டேவிசன் லவ் 1913இல் வெளியிட்ட பழைய சென்னை வரலாற்றுத் தொகுதிகளுக்கு வந்துவிடலாம். இன்டர்நெட் ஆர்கைவில் இலவசமாகவே கிடைக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "சார், இங்க ஜூலைன்னு வருது!"

உண்மைதான். இந்தப் பகுதியை ஆண்ட தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த சாசனத்தின் தேதி ஜூலை 22 என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால் அதை வாங்கிய கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே இந்தக் கரைக்கு வந்து சேர்ந்ததே ஜூலை 27. வருவதற்கு முன்பே சாசனம் எப்படி வாங்கியிருப்பார்? அதனால் ஆகஸ்ட்டாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவு நிலைத்துவிட்டது. வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. "அப்போ தப்பான நாள்ல கேக் வெட்டுறோமா சார்?" என்றான் ஒருவன். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின நிமிஷத்தை. அவள் "ஜூலை" என்றதும் மற்றவர்கள் ஒரே குரலில் கேட்டது, "எந்தப் பக்கம்?" எந்தத் தொகுதி, எந்தப் பதிப்பு என்று அடுத்தடுத்து அவர்களே கேட்டு வாங்கினார்கள். அடிக்குறிப்பு என்ற சொல்லை நான் அதுவரை உச்சரிக்கவே இல்லை.

தேடுவதில் தமிழுக்கென்று சில தொல்லைகள் உண்டு. ஆங்கில வழிகாட்டி நூல்களில் இவை இருக்காது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். சாமிநாதையர், சுவாமிநாதையர், சாமிநாத ஐயர் என்று மூன்று விதமாகவும் தட்டிப் பார்க்க வேண்டும், ஆங்கில எழுத்தில் இன்னும் நாலு விதம். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முந்தைய நூல்களின் ஸ்கேனில் பழைய றாவும் லையும் கணினியைக் குழப்பிவிடும், நூலுக்குள்ளேயே இருக்கும் சொல் தேடலில் அகப்படாது. இன்னொன்று, யூனிகோடு பரவலாவதற்கு முன்பு ஆளுக்கொரு எழுத்துருவில் அச்சான ஆய்விதழ்கள். திறந்தால் நன்றாகத் தமிழ் தெரியும், காப்பி செய்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். கூகுளுக்கும் அந்தக் கோப்பு அப்படித்தான் தெரிகிறது. கூகுளில் வரவில்லை என்பதால் அப்படி ஒரு கட்டுரையே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. ஒரு கோப்பை வகுப்பில் போட்டு ஒட்டிக் காட்டுங்கள், வாய்விட்டுச் சிரிப்பார்கள், மறக்கவும் மாட்டார்கள்.

பெயர் அடுத்த தொல்லை. குடும்பப் பெயரை முன்னால் போடு என்கின்றன மேலைநாட்டு முறைகள். உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் சாமிநாதையருக்குக் குடும்பப் பெயர் எது? ஊரும் அப்பாவும் தலைப்பெழுத்தில் போய்விட்டார்கள். துணைநூற்பட்டியல் தயாரித்துத் தரும் ஜோடெரோ மாதிரி மென்பொருளிடம் ஆங்கிலத்தில் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் 'ஐயர், உ.வே.எஸ்.' என்று யாரோ ஒருவரை உண்டாக்கிவிடும். அதில் பெயரை ஒரே பெட்டியாக மாற்றும் வசதி இருக்கிறது, சொல்லிக்கொடுங்கள். என்னைக் கேட்டால் தமிழ் ஆய்வேட்டில் பெயரை எழுதுகிற மாதிரியே எழுதலாம், ஏடு முழுக்க ஒரே மாதிரி இருந்தால் போதும். சங்கப் பாட்டுக்குப் பக்க எண் வேண்டாம், புறநானூறு 192 என்றால் எந்தப் பதிப்பிலும் கண்டுபிடிக்கலாம். உரைநடை நூலுக்குப் பதிப்பும் ஆண்டும் இல்லாமல் பக்க எண் போட்டுப் பயனில்லை. பழைய நூல்களில் ஆண்டே புதிராக இருக்கும். 'விரோதி வருஷம்' என்று மட்டும் முகப்பில் இருந்தால் அது 1889 தொடங்கிய விரோதியா, 1949 தொடங்கியதா? தாளையும் அச்சகத்தின் பெயரையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

காப்பியடிக்கும் சதவீதம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை என்பதைப் பிள்ளைகள் '10 சதவீதம் அடிக்கலாம்' என்று புரிந்துகொண்டு, சொல்லை மாற்றி மாற்றிப் போட்டு எண்ணைக் குறைக்கிறார்கள். மேற்கோள் குறிக்குள் போட்டு, எடுத்த இடத்தைச் சொன்னால் அது அந்தக் கணக்கிலேயே சேராது. இதைச் சொன்னாலே பாதிப் பேருக்குப் பயம் தெளியும்.

நூலகத்துக்கு மொத்தமாகச் சுற்றுலா போல அழைத்துப் போகாதீர்கள். நாலு பேரை, ஆளுக்கொரு கேள்வியோடு அனுப்புங்கள். உங்களூரிலிருந்து மின்சார ரயிலில் ஏறினால் எழும்பூர், அங்கிருந்து கன்னிமாரா நூலகம் நடக்கிற தூரம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்கள் ஒரு பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று. பழைய இதழ் என்றால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், உ.வே.சா. என்றால் பெசன்ட் நகரில் அவர் பெயரிலேயே இருக்கும் நூலகம்.

பழைய உரையாசிரியர்கள் மேற்கோளை அள்ளி வீசுவார்கள், பல இடங்களில் எந்த நூல் என்று சொல்லமாட்டார்கள். கேட்பவருக்கே தெரியும் என்ற நம்பிக்கை. உ.வே.சா. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி இடம் கண்டுபிடித்தார். எவ்வளவு தேடியும் அகப்படாதவற்றை மறைக்கவில்லை, 'விளங்கா மேற்கோள்' என்று தனி அகராதியாகவே தம் பதிப்பில் அச்சிட்டார். துறைத் தலைவரிடம் பேசி அந்தப் 15ஐ ஐந்தாக்கப் பாருங்கள், ஐந்தும் கையால் தொட்டவையாக இருக்கட்டும். அதற்குக் கீழே 'தேடியும் கிடைக்காதவை' என்று ஒரு பட்டியல், எங்கெங்கே தேடினேன் என்ற குறிப்போடு. அதற்கும் மார்க் உண்டு என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

அந்த 1951 பையனை பெசன்ட் நகருக்கு அனுப்புங்கள். அவனுடைய கட்டுரை இரண்டாவது பட்டியலின் முதல் வரியாக வரும் என்றுதான் நினைக்கிறேன். ஒருவேளை கிடைத்துவிட்டால் எனக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.