தாய்ப்பால் இருக்க ஊசி எதற்கு?

கேள்வி: குழந்தைக்கு 2 மாதம் ஆகப்போகிறது. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். "பால்லயே எதிர்ப்புச் சக்தி இருக்கு, ஊசியைத் தள்ளிப்போடு" என்கிறார் மாமியார். ஒரு வயதுக்குள் முடியிறக்க ஊருக்கும் போகிறோம். என்ன செய்யலாம்? – வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: மாமியார் சொல்வதில் பாதி சரி. ஆனாலும் தள்ளிப்போட வேண்டாம்.

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உங்கள் ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போயிருக்கும். அது நீங்கள் கொடுத்தனுப்பிய கட்டுச்சோறு. சில மாதங்களில் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் இருப்பது பெரும்பாலும் வேறு வகை. குடலிலும் தொண்டையிலும் நின்று காக்கும், ரத்தத்தில் அவ்வளவாகச் சேராது. வயிற்றுப்போக்கைக் குறைக்க அருமையானது. கக்குவான் இருமலுக்கு அதை மட்டும் நம்ப முடியாது. கைக்குழந்தைக்கு அந்த இருமல் வந்தால் மூச்சே நின்றுபோகலாம்.

ஊசி போட்டால் குழந்தையின் உடலே எதிர்ப்பொருளை உண்டாக்கும், கிருமியை நினைவில் வைத்திருக்கும் செல்களும் உருவாகும். ஒரு தவணையில் அந்த நினைவு சரியாகப் பதியாது. அதனால்தான் 2, 4, 6 மாதங்களில் திரும்பத் திரும்பப் போடுகிறோம். "நோய் வந்தே எதிர்ப்பு வரட்டுமே" என்பவர்களும் உண்டு. டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்குக்கூட அந்த நோயால் எதிர்ப்புச் சக்தி கிடைப்பதில்லை, அவருக்கும் ஊசிதான்.

தட்டம்மை ஊசி ஏன் 12 மாதம்வரை காத்திருக்கிறது? அது உயிருள்ள, வலுவிழந்த வைரஸ். உங்களிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் மிச்சமிருந்தால், ஊசி வேலை செய்யுமுன்பே அந்த வைரஸை அழித்துவிடும். ஆனால் 12 மாதம் ஆகுமுன்பே ஊருக்குப் போகிறீர்களே, அங்குதான் சிக்கல். இந்தியாவில் தட்டம்மை இன்னும் பரவுகிறது. குழந்தை 6 மாதம் தாண்டியிருந்தால் முன்கூட்டியே ஒரு தவணை போட மருத்துவர் சொல்லலாம். அது கணக்கில் சேராது, திரும்பி வந்து வழக்கமான இரண்டையும் போட வேண்டும். பயணத்துக்கு இரண்டு வாரமாவது முன்னால் கேட்டுவிடுங்கள். முடியிறக்குவதை ஒரு வயது கழித்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது என்பேன், சாமி கோபித்துக்கொள்ளாது.

சிங்கப்பூரில் தட்டம்மை, தொண்டை அடைப்பான் ஊசிகள் சட்டப்படியே கட்டாயம். அட்டவணையில் உள்ள ஊசிகள் குடிமக்களின் குழந்தைகளுக்குப் பலதுறை மருந்தகங்களில் இலவசம்.

அப்புறம், குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் பெரியவர்களும் கக்குவான், ஃப்ளூ ஊசிகளைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள்.